ஸ்டீவி ரே வான் போதையில் சாகவில்லை

அமெரிக்க ப்ளூஸ் கிதார் கலைஞர் ஸ்டீவி ரே வானைப் பற்றிய ஒரு பதிவில், "ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மாதிரியே இவரும் போதையில் போய்ச் சேர்ந்தார்" என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு. 1990 ஆகஸ்ட் 27 நள்ளிரவு தாண்டி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கச்சேரி முடிந்து கிளம்பிய ஹெலிகாப்டர் பனிமூட்டத்தில் மலைச்சரிவில் மோதியது. அதில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். அவருக்கு வயது 35. சற்று முன்புதான் கிதார் கலைஞர்கள் எரிக் கிளாப்டன், பட்டி கை, தன் அண்ணன் ஜிம்மி வான் ஆகியோரோடு மேடையில் வாசித்திருந்தார்.

குடியும் கொக்கெயினும் இருந்தது உண்மைதான், யாரும் மறைக்கவில்லை. ஆனால் 1986இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின்போது உடல் படுத்துவிட, சிகிச்சை எடுத்துக்கொண்டு அடியோடு விட்டார். இறக்கும்போது சுத்தமாகி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்!

அப்புறம், அவர் வாசிப்பு "ஹென்ட்ரிக்ஸின் நகல்" என்றும் அதே பதிவில் இருக்கிறது. பாதிப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கம்பியை இழுத்து வளைக்கும் விதத்தைக் கேளுங்கள், அங்கே ப்ளூஸ் கிதார் கலைஞர் ஆல்பர்ட் கிங்தான் அதிகம் தெரிவார். வான் போட்டது 13 கேஜ் (கேஜ் என்பது தடிமன் அளவு) கம்பி, பலர் போடுவதைவிட நல்ல தடிமன்; அதை அரைச் சுருதி இறக்கி, சற்றுத் தளர்வாகக் கட்டியிருப்பார். இறக்கினாலும் அந்தத் தடிமனை வளைக்க விரல் தேய்ந்துபோகும். நுனித்தோல் பிய்ந்தால் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிக்கொண்டு வாசிப்பாராம். என் விரல் 10 கேஜுக்கே அழுகிறது, அது வேறு கதை.