டாக்சிசைக்ளினுக்கு யார் ஸ்பான்சர்?

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பெரிய ஹோட்டல் ஹாலை எட்டிப் பாருங்கள். டாக்டர்களுக்கான சி.எம்.இ., அதாவது தொடர் மருத்துவக் கல்வி வகுப்பு, நடந்துகொண்டிருக்கும். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், மறுபடியும் சர்க்கரை. மெடிக்கல் ரெப்பாக இருந்த காலத்தில் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு ஹால் பிடித்து, பேனர் கட்டி, மதியச் சாப்பாட்டுக்கு ஆள் கணக்குச் சொன்னவன் நான். அந்த வருடம் எந்த மாத்திரையை ஓட்ட வேண்டுமோ, அந்த நோய்க்கு வகுப்பு. அவ்வளவுதான் ரகசியம்.

இதை இப்போது எழுதக் காரணம், உண்ணி கடித்து வரும் லைம் நோய். என் பெரியம்மா பேத்தி, பன்னிரண்டு வயது, நியூ ஜெர்சியிலிருந்து லீவுக்கு நங்கநல்லூர் வந்திருந்தாள். முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. அரிப்பு இல்லை, வலி இல்லை. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, "படர்தாமரைதாம்மா, வெயிலுக்கு வரும்" என்று ஒரு க்ரீம் எழுதினார். திட்டு தானாகவே மறைந்தது. க்ரீமுக்கு நல்ல பெயர். சில வாரம் கழித்துக் காலையில் வாய் கொப்பளிக்கிறாள், ஒரு பக்கமாகத் தண்ணீர் வழிகிறது. கண் மூடவில்லை. முகவாதம் என்று ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். அதன் பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் முதல் கேள்வியாக, "பாப்பா எங்கே இருந்து வந்திருக்கா? அங்கே வீட்டுக்குப் பின்னால மரம், புதர் இருக்கா?" என்று கேட்டார். ரத்தப் பரிசோதனை, மூன்று வாரம் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், இப்போது நன்றாகச் சிரிக்கிறாள்.

அந்தத் தெருமுனை டாக்டர் மீது எனக்குக் கோபம் கிடையாது. அவருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரில், 1970களின் நடுவில் பல பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் மூட்டு வீங்கியபோது, விடாமல் கேள்வி கேட்டவர் பாலி மர்ரே என்ற ஒரு தாய். உண்ணிக்குள் இருக்கும் கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் கண்டுபிடித்தது 1981இல். இன்றைக்கு அந்த நாட்டில் வருடத்துக்குச் சுமார் 4,76,000 பேருக்கு இந்த நோய் என்று சிகிச்சை தரப்படுவதாக அவர்களுடைய அரசு நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. மதிப்பிடுகிறது. நம் நங்கநல்லூர், மாம்பலம், மயிலாப்பூரில் எந்தத் தெருவில் நியூ ஜெர்சிக்கு ஒரு பிள்ளை போகாமல் இருக்கிறது? அமெரிக்காவில் உண்ணிக் காலமும் கோடைதான், பேரப்பிள்ளைகள் இங்கே வந்து இறங்குவதும் அப்போதுதான்.

தோலில் வரும் அந்தத் திட்டு, கடித்த 3 முதல் 30 நாளுக்குள் தெரியும். சுமார் நான்கில் மூன்று பேருக்கு வரும். படங்களில் பார்ப்பது போல அம்பு எய்யும் இலக்கு மாதிரி வளையம் வளையமாக இருக்கும் என்று காத்திருந்தால் கோட்டை விடுவோம். பெரும்பாலும் ஒரே நிறமாக, மெல்லப் பெரிதாகிக்கொண்டே போகும். அதுவும் பாடப்புத்தகப் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில். நம் மாநிறத்தில் அது சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, சில சமயம் அடிபட்டுக் கன்றியது மாதிரி இருக்கும். அமெரிக்காவிலேயே கறுப்பின மக்களுக்கு இந்த நோய் தாமதமாகவே பிடிபடுகிறது என்று அங்குள்ள ஆய்வுகள் சொல்கின்றன. பேத்திக்கு நடந்ததும் ஏறக்குறைய அதேதான்.

இன்னொரு சங்கதி. திட்டு இருக்கும் ஆரம்ப நாட்களில் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் நெகட்டிவ் காட்டும். எதிர்ப்புப் பொருள் உருவாகச் சில வாரம் ஆகும். அதனால் உண்ணி உள்ள ஊரிலிருந்து வந்தவருக்கு இந்தத் திட்டு இருந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் மாத்திரை தொடங்கலாம் என்பதே வழிகாட்டுதல். பெரியவர்களுக்குப் பத்து நாள் டாக்சிசைக்ளின் போதும். லேப் பேப்பர் இல்லாமல் பேனா திறக்காத நம் ஊருக்கு இது பழக வேண்டிய விஷயம்.

மறுபக்கத்தையும் அதே வகுப்பில் சொல்லித் தர வேண்டும். முட்டி வலி, அசதி என்று வருகிற எல்லோருக்கும் லைம் டெஸ்ட் எழுத ஆரம்பித்தால் அது புதுத் தொல்லை. சிக்குன்குனியா வந்து போன மூட்டோடு பாதிச் சென்னை நடக்கிறது. நோய் அரிதான ஊரில் கண்டபடி டெஸ்ட் எடுத்தால் வரும் பாசிட்டிவ்களில் பொய் பாசிட்டிவே அதிகம் இருக்கும். அசதி தீரவில்லை என்று மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றுவதும் உதவாது. 2001இல் வெளியான அமெரிக்கச் சோதனைகளும் 2016இல் வெளியான நெதர்லாந்துச் சோதனையும் அதைக் காட்டிவிட்டன.

சரி, வெளிநாட்டு நோய்க்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். ஸ்க்ரப் டைபஸ் நம் ஊர் நோய்தானே? புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வருவது. அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்புக்குக் கீழேயோ, உள்ளாடை நாடா இறுகும் இடத்திலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. வலிக்காது, அதனால் நோயாளி சொல்ல மாட்டார். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னால்தான் தெரியும். இங்கே என்ன நடக்கிறது? காய்ச்சல் என்றதும் டைஃபாய்டுக்கான வைடால் டெஸ்ட், டெங்கு டெஸ்ட், பிறகு செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக். அந்த மருந்து இந்தக் கிருமியைத் தொடாது. இதற்கும் அதே டாக்சிசைக்ளின்தான். விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஐ.சி.யு.வரை போகும். ஆக லைமுக்கு எடுக்கும் பாடம் வீண் போகாது. எங்கே போனீர்கள் என்று கேட்பதும், துணியை விலக்கித் தோலைப் பார்ப்பதும் இரண்டுக்கும் பொது.

2002ஆம் ஆண்டு மருத்துவ விதிகளிலேயே ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது டாக்டர்கள் தொடர்ந்து கற்க வேண்டும் என்று இருக்கிறது. அதில் ஒரு மணி நேரம் இதற்குக் கிடைக்காதா? ஸ்லைடு ஓட்டும் லெக்சரில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டாவது வரிசையில் தூங்குகிறவர்களை எண்ணியே பழகியவன். 2003இல் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர், ஹெபடைடிஸ் சி நோய்க்காக எக்கோ என்று ஒன்றைத் தொடங்கினார். சின்ன ஊர் டாக்டர் தன் நோயாளியின் கதையை வீடியோவில் சொல்வார், நிபுணர்களும் மற்ற டாக்டர்களும் சேர்ந்து அலசுவார்கள். நமக்கு அதுதான் சரி. நம் தோலில் எடுத்த படங்கள், பெயர் நீக்கிய நிஜக் கேஸ்கள், சந்தேகம் வந்தால் அழைக்க ஒரு எண். மருத்துவப் பல்கலைக்கழகம் கிண்டியில் இருக்கிறது, கிருமிப் பரிசோதனை செய்யும் கிங் இன்ஸ்டிடியூட்டும் கிண்டியில் இருக்கிறது. இரண்டு இடத்துக்காரர்களும் ஒரு டீக்கடையில் சந்தித்தாலே பாதி வேலை முடியும்.

டாக்டர்கள் சங்கமான ஐ.எம்.ஏ.வின் கிளைகளில் பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள். மாம்பலம் பக்கம் ஹால் பிடிப்பது என் பொறுப்பு, பழைய தொடர்புகள் இன்னும் இருக்கின்றன. பாடம் எடுக்க ஒரு தொற்றுநோய் நிபுணரும் ஒரு தோல் மருத்துவரும் வேண்டும். பேனரில் எந்தக் கம்பெனி பெயரும் இருக்காது, அதனால் பிரியாணி கிடையாது. தயிர்சாதமும் ஊறுகாயும் நான் கொண்டுவருகிறேன்.