கட்டியும் கடன்காரன்தான்

கிரெடிட் கார்டு பாக்கியை வட்டியோடு மொத்தமாகக் கட்டி 14 மாதம் ஆகிறது. பாக்கி இல்லை என்று வங்கி முத்திரை குத்திக் கொடுத்த கடிதம், பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று கணக்கு வைக்கும் சிபில் நிறுவனத்தின் கடன் அறிக்கையில் நான் இன்னும் ஏமாற்றுக்காரன்தான்!

தவணை தவறியபோது காலை 8 மணிக்கே போன் அடித்தார்கள். மாமனார் வரைக்கும் தேடிப் பிடித்தார்கள். இப்போது 'பாக்கி 0' என்று ஒரு வரி திருத்த மட்டும் ஆள் இல்லையாம்.

சிபிலுக்கு ஆன்லைனில் முறையீடு போட்டேன். 'வங்கி உறுதி செய்துள்ளது, மாற்றம் இல்லை.' சரி, வங்கிக்குப் போனேன். 'நாங்க எப்பவோ அனுப்பிட்டோம் சார், அங்க கேளுங்க.' அப்புறம் யாரைக் கேட்பது, முச்சந்திப் பிள்ளையாரையா? 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வேறு இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, 29ஆம் நாள் டாண் என்று நிராகரிப்பு வந்துவிடுகிறது. மறுபடி போட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

சிபில் ஸ்கோர் போதாதென்று வீட்டுக் கடன் போச்சு. நேற்று அதே வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்: 'வாழ்த்துகள்! உங்களுக்கு 5 லட்சம் கடன் தயார்.'