கிருமி பேனா பிடித்தால்

1954-ல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு சமூகவியலாளருக்குக் கோபம் வந்தது. பெயர் கோஸ்டா பின்டோ. யுனெஸ்கோவுக்காக அந்த ஊர்க் கறுப்பர்களைப் பற்றி ஆராய்ந்து புத்தகம் போட்டவர். ரியோவின் கறுப்பர் இயக்கத்தார் அதைப் படித்துவிட்டு விமர்சித்தார்கள். அதற்குப் பத்திரிகையில் அவர் சொன்ன பதில் ஏறக்குறைய இப்படி: ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட ஒரு கிருமி, பிறகு பேனாவைப் பிடித்து அந்த ஆராய்ச்சியைப் பற்றியே கண்டபடி உளறி எழுதியதை எந்த உயிரியலாளராவது பார்த்திருப்பாரா, சந்தேகம்தான்.

சொன்னவர் ஏதோ அமெரிக்கத் துரை என்று நினைத்துவிடாதீர்கள். பாஹியாவில் பிறந்த பிரேசில்காரர். அதனால்தான் இது எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது. நாடு விட்டு நாடு சேர்ந்து செய்யும் ஆய்வு என்றாலே "வெளியூர்க்காரன் வந்து நம்மைப் பற்றி எழுதுகிறான்" என்ற புகார்தான் முதலில் எழும். கிருமி என்று சொன்ன வாய் உள்ளூர் வாய்.

இத்தனைக்கும் அந்த ஆய்வு கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை. நாஜிகளின் இனவெறி என்ன செய்யும் என்று உலகம் பார்த்து முடித்த சமயம். 1950-ல் பிளாரன்ஸ் மாநாட்டில் யுனெஸ்கோ முடிவெடுத்தது. பிரேசிலில் எல்லா நிறத்தவரும் ஒற்றுமையாக இருக்கிறார்களாம், அது எப்படி என்று பார்த்து மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று. பிரான்சிலிருந்து ரோஜே பாஸ்டீட், அமெரிக்காவிலிருந்து சார்லஸ் வாக்லி, பிரேசிலிலிருந்தே புளோரெஸ்டான் பெர்னாண்டஸ் என்று பெரிய கூட்டணி. போய்ப் பார்த்தால் கதை வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து 48 லட்சம் பேருக்கு மேல் அடிமைகளாக வந்து இறங்கிய நாடு அது. 1888 வரை அடிமை முறை இருந்தது. அந்தச் சுவடு அவ்வளவு சீக்கிரம் போகுமா? எங்களிடம் பாகுபாடே இல்லை என்று நம்பிக்கொள்வதே பிரேசில்காரரின் பாகுபாடு என்று பிற்பாடு எழுதினார் பெர்னாண்டஸ்.

இன்னொருவர் ஒராசி நோகெய்ரா. சிகாகோவில் படித்தவர். இரண்டு நாட்டையும் பார்த்ததால் ஒரு வித்தியாசம் அவர் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் பூர்வீகத்தைப் பார்த்து ஒதுக்குவார்கள். ஆள் எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் பாட்டன் கறுப்பர் என்றால் அவரும் கறுப்பர்தான். பிரேசிலில் தோற்றத்தைப் பார்த்து ஒதுக்குவார்கள். கூடப் பிறந்தவர்களில் ஒருவர் வெள்ளையாகவும் ஒருவர் கறுப்பாகவும் கணக்காகலாம். (எந்த ஊர், யார் மகன், எந்தத் தெரு என்று கேட்டுப் பழகிய நமக்கு இதில் எது பரிச்சயமானது என்று சொல்ல வேண்டியதில்லை.) ஒரே நாட்டில் உட்கார்ந்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. கூட்டு ஆய்வு வேண்டும் என்பவர்களின் பக்கம்தான் நான்.

இந்த வித்தியாசத்தை நான் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். 2010-ல் பிரேசில், கொலம்பியா, மெக்சிகோ, பெரு ஆகிய நான்கு நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். வெளுப்பு முதல் கறுப்பு வரை 11 நிறங்கள் உள்ள அட்டை ஒன்று. நீங்கள் எந்த இனம் என்று கேட்டு எழுதிக்கொள்வது ஒரு பக்கம். கேள்வி கேட்பவர் உங்கள் முகத்தைப் பார்த்து அட்டையில் ஓர் எண்ணைக் குறிப்பது இன்னொரு பக்கம். படிப்பு, வாழ்க்கைத் தரம் எல்லாவற்றிலும் தெரிந்த ஏற்றத்தாழ்வு, அவர்கள் சொல்லிக்கொண்ட இனத்தைவிட அந்த எண்ணோடுதான் நன்றாக ஒத்துப்போயிற்று. அட்டையின் படத்தைத் திரையில் வைத்து என் கையைப் பக்கத்தில் நீட்டினேன். ஜன்னலோரம் 7, டியூப் லைட்டில் 8. என் மனைவி எட்டிப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் ஒன்பதுக்குக் குறையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நம்மை நாமே பார்ப்பது வேறு, எதிரில் இருப்பவர் எண் போடுவது வேறு.

அப்படியானால் எண் போடுகிற ஆளும் கறுப்பராக இருந்துவிட்டால் சரியாகிவிடுமா? அவ்வளவு சுலபமில்லை. பாஹியாவின் தலைநகர் சால்வடோரில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைகளின் வழிபாட்டிலிருந்து வளர்ந்த கண்டோம்ப்ளே என்ற மதத்தின் வழிபாட்டு இல்லங்கள் உண்டு. அதில் பேர்பெற்றது கன்டோயிஸ். 1940-ல் அங்கே போனவர் அமெரிக்கக் கறுப்பரான பிராங்க்ளின் பிரேசியர். அடுத்தாற்போல் போனவர் வெள்ளையரான மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ். இருவரும் அதே வட்டாரத்துக் குடும்பங்களிடம் பேசினார்கள். இந்தக் குடும்ப வாழ்க்கையை ஆக்கியது அடிமைத்தனமும் வறுமையும்தான், ஆப்பிரிக்க மரபு அல்ல என்றார் பிரேசியர். ஆப்பிரிக்கா இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார் ஹெர்ஸ்கோவிட்ஸ். 1942, 43-ல் அமெரிக்க ஆய்விதழில் காரசாரமான சண்டை. எனக்கு இருவர் வாதமும் பிடிக்கும். ஆனால் அந்தப் பக்கங்களில் பேசியவர்கள் அந்த இரண்டு பேர்தான். கன்டோயிஸின் தலைவி மெனினின்யா அம்மையார் அப்போதும் அங்கேதான் இருந்தார்.

1999-ல் வந்த சண்டை இன்னும் விசித்திரம். அமெரிக்கா தன் இனக் கண்ணாடியைப் பிரேசில் மூக்கில் மாட்டிவிடுகிறது என்று பிரெஞ்சு அறிஞர்கள் பூர்தியூவும் வாக்கானும் எழுதினார்கள். அடி விழுந்தது, பிரேசிலின் கறுப்பர் இயக்கத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய மைக்கேல் ஹான்சார்ட் என்ற அமெரிக்கக் கறுப்பர் மேல். அமெரிக்க அறக்கட்டளைப் பணத்தைப் பற்றி அவர்கள் பட்ட கவலையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 1931-லேயே கறுப்பர் முன்னணி தொடங்கியவர்கள் பிரேசில்காரர்கள். 1944-ல் அப்டியாஸ் டோ நாசிமென்டோ கறுப்பர் நாடகக் குழு தொடங்கியாகிவிட்டது. இவர்களுக்கு அமெரிக்கா வந்து சொல்லிக்கொடுத்தால்தான் தாங்கள் கறுப்பர் என்று தெரியுமா? பாரிஸிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும் போலிருக்கிறது.

யுனெஸ்கோ குழுவிலேயே ஒரு கறுப்புப் பெண் இருந்தார். விர்ஜீனியா பிகுடோ. சாவ் பாவ்லோக்காரர். சின்ன வயதில் பள்ளிக்குப் போனபோது மற்ற பிள்ளைகள் "கறுப்பி, கறுப்பி" என்று கத்தியதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். யுனெஸ்கோவுக்காக அவர் ஆராய்ந்ததும் அதைத்தான்: பள்ளிப் பிள்ளைகள் கூடப் படிப்பவரின் நிறத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று. 1955-ல் பாஸ்டீடும் பெர்னாண்டஸும் முன்னின்று வெளியிட்ட சாவ் பாவ்லோ தொகுப்பில் அவர் கட்டுரை வந்தது. 1959-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அது இல்லை. 1945-ல் கறுப்பர்களின் மனப்பான்மை பற்றி அவர் எழுதிய ஆய்வேடு புத்தகமாக வந்தது 2010-ல். பிகுடோ 2003-லேயே இறந்துவிட்டார்.