அண்ணாவியாரும் நடன ஆசிரியர்தான்

மட்டக்களப்பில் ஒரு பிள்ளை நடனம் படிக்குது என்றால் அது பரதநாட்டியம்தான், வேறு கேள்வியே இல்லை. பாடசாலையில் பரதம், மாலை வகுப்பிலும் பரதம், வட இலங்கைச் சங்கீத சபைத் தரப் பரீட்சைக்கும் பரதம். கூத்து? அண்ணாவியார் என்கிற ஆசான் ஊரில் பழக்குகிற அந்த ஆடிப் பாடும் நாடகம், 'நாடகமும் அரங்கியலும்' பாடத்துக்குள் கிடக்குது, வடமோடி, தென்மோடி என்ற அதன் இரண்டு வகைகளின் வேறுபாட்டை மனனம் செய்து எழுதினால் புள்ளி.

பரதத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. தேவதாசிகளும் நட்டுவனார்களும் காத்துவந்த சதிர் அது. 1930களில் சென்னையில் பெயர் மாறி, ருக்மிணி தேவி 1935இல் மேடையேறி அடுத்த வருடமே கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய பிறகு 'நல்ல குடும்பத்து' பிள்ளைகளின் கலையாகி, அந்த மரியாதையோடு இங்கேயும் வந்து சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக ஆடிய பெண்களுக்கு அந்த மரியாதையில் பங்கு கிடைக்கவில்லை. ஆனாலும் எங்கள் பெண் பிள்ளைகளை மேடையேற்றியது பரதம்தான். கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, ஆனால் கூத்தில் படிப்பிக்கிற முறை இல்லையா? முனைக்காட்டிலோ கன்னன்குடாவிலோ கூத்துப் பழகுவதைப் போய்ப் பாருங்கள். சட்டம் கொடுத்து, அதாவது ஆளாளுக்குரிய பாட்டு வசனத்தைப் பிரித்துக் கொடுத்து, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கி, சதங்கை அணிந்து, முழுக் கூத்தையும் ஒத்திகையாக ஆடி அடுக்குப் பார்த்து, அதுக்குப் பிறகுதான் அரங்கேற்றம். அண்ணாவியார் மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வாயால் தாளக்கட்டைச் சொல்லுவார், கண் மட்டும் ஆடுகிறவரின் காலிலேயே நிற்கும், ஒரு மிதி பிழைத்தாலும் மத்தளம் நின்றுவிடும், அந்த வரவை, அதாவது பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடுகிற ஆட்டத்தை, முதலில் இருந்து ஆட வேண்டும். இதைவிடக் கண்டிப்பான நடன வகுப்பு எங்கே இருக்கு?

1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார், இராவணேசன் என்ற கூத்து நாடகம் வந்தது. பேராசிரியர் மௌனகுரு சேர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்வாகவே எழுதினார். கல்லடியில் சுவாமி விபுலானந்தர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகமே இருக்குது. இத்தனைக்குப் பிறகும் அண்ணாவியார் பாடசாலைக்குள் வருவதென்றால் தமிழ்த் தின விழாவுக்கு மட்டும்தான், ஒரு பொன்னாடை, ஒரு படம், அவ்வளவு. நியமனத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அவரிடம் இருப்பது கூத்துக் கொப்பியும் மத்தளமும். அவருக்குப் பிறகு அந்தத் தாளக்கட்டுகளை யார் சொல்லுவது?

கூத்து ஆடுகிற ஊர்ப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு அண்ணாவியார், கிழமைக்கு இரண்டு பாடவேளை, ஒழுங்கான கொடுப்பனவு, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. நடனம் படிக்கிற பிள்ளை பரதத்தோடு ஒரு வரவாட்டமும் ஆடிக்காட்டிப் புள்ளி எடுக்கட்டும். வலயக் கல்வி அலுவலகத்தில் இருக்கிற யாராவது இதை வாசித்தால், அடுத்த வருட நேரசூசி போடுவதற்கு முதல் தயவுசெய்து உங்கள் ஊர் அண்ணாவியாரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.