2015 இறுதி ஆட்டத்தில் மட்டராசி கோல் அடிக்கவில்லை

சென்னையின் எஃப்.சி. அணி 2015இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துக் கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில், இத்தாலியின் மார்கோ மட்டராசி களமிறங்கி வெற்றிக் கோலை அடித்து, அதோடு ஓய்வு பெற்றார் என்றொரு செய்தி நம் நகரத்து வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. இது தவறு.

மட்டராசி அந்த ஆண்டு அணியின் பயிற்சியாளர் மட்டுமே. முந்தைய 2014 பருவத்தில்தான் அவர் பயிற்சியாளராக இருந்துகொண்டே சில ஆட்டங்களில் விளையாடவும் செய்தார். இரண்டு பருவங்களும் யாரோ ஒருவர் நினைவில் கலந்துவிட்டன எனக் கருதுகிறேன். 2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபடோர்டா அரங்கில், ஆட்டம் முடியும் தறுவாயில் 1–2 என்று பின்தங்கியிருந்த நம் அணி, எஃப்.சி. கோவா கோல்காப்பாளரின் சுயகோலால் சமன் செய்து, கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்களில் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா அடித்த கோலால் 3–2 என வென்றது. அந்தப் பருவத்தில் 13 கோல்கள் அடித்த மெண்டோசாவின் பெயரை அழிப்பது நியாயமன்று.

மட்டராசிக்குப் பொய்ப் பெருமை தேவையுமில்லை; 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்சுக்கு எதிராகச் சமன் செய்த கோல் அவருடையதே. 2015 இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர்கள் யார் என்பதை ஐ.எஸ்.எல். அதிகாரப்பூர்வ இணையதளத்தின் ஆட்ட விவரங்களில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், அன்புகூர்ந்து மேலும் பகிர வேண்டாம்.