அசையாமல் நிற்கும் யானையும் காரின் கணிப்பும்

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போய்வருகிறவர்களில் சிலரிடம் இப்போது, முன்னே போகும் வாகனத்தைக் கவனித்துத் தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் யப்பானியக் கார்கள் இருக்கின்றன. அந்த வசதி எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் அது எப்படிப்பட்ட வீதியை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது என்று கேட்காமல் அதை நம்பி ஓடுவது சரியெனத் தோன்றவில்லை.

வேகத்தை ஒரே அளவில் பிடித்துவைப்பது பழைய வித்தை. பார்வையற்ற அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் டீட்டர் கண்டுபிடித்த அந்தக் கருவியை கிறைஸ்லர் நிறுவனம் 1958இலேயே தனது கார்களில் பொருத்திவிட்டது. சிக்கலானது, எதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பது என்ற கேள்விதான். இன்றைய கார்களில் பெரும்பாலும் 77 கிகாஹேர்ட்ஸ் அளவில் இயங்கும் ராடார், திரும்பிவரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு முன்னாலுள்ள பொருளின் வேகத்தை அறிகிறது. பெயர்ப்பலகை, மைல்கல், பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று அசையாத எல்லாவற்றிலும் பட்டு அலை திரும்புவதால், ஒவ்வொன்றுக்கும் பிறேக் பிடித்தால் கார் ஓடவே முடியாது. ஆகையால் அசையாதவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்படியே வடிவமைப்பாளர்கள் நெடுங்காலம் மென்பொருளை எழுதிவந்தார்கள்.

அதிவேகப் பாதைக்கு அது நியாயமான முடிவு. நமது வீதியிலோ இரவில் சூடாறாத தாரில் மாடுகள் படுத்திருக்கின்றன, பின்விளக்கில்லாத லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓரமாக நிற்கிறது, ஹபரணைக் காட்டோரத்தில் யானை நின்ற நிலையில் நிற்கிறது. கமராவைச் சேர்த்த பின்னர் நிலைமை முன்னேறியது உண்மைதான். ஆனாலும் கார், மனிதர், சைக்கிள் என்று பழக்கப்படுத்தப்பட்ட கமராவுக்கு இருளில் நிற்கும் கரிய உடல் என்னவாகத் தெரியும் என்பதை யானையை வைத்தே சோதிக்க வேண்டும்.

முன்னே போகும் வாகனத்துக்குப் பின்னால் கார் விடும் இடைவெளியும் அப்படித்தான். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு செக்கன் இடைவெளி என்பது ஏறக்குறைய 39 மீற்றர். கந்தளாய்ச் சந்தியை அண்டினால் அதற்குள் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் தாராளமாகப் புகுந்துவிடும், காரும் ஒவ்வொரு முறையும் பிறேக் பிடித்துப் பின்னால் வருகிறவரைத் திடுக்கிட வைக்கும். இடைவெளியைச் சுருக்குவதை நான் ஏற்கமாட்டேன். புகுந்த வாகனம் நம்மைவிட வேகமாகப் போகிறதென்றால் அக்சிலேட்டரை மட்டும் தளர்த்தி, இடைவெளி தானாக விரிய விடுவதே ஓட்டத் தெரிந்தவர் செய்வது. கணிப்பொறிக்கும் அதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, தன்னால் முடியாதபோது கார் அதைச் சாரதிக்குத் தெரிவிக்கும் விதம். யப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு இங்கே வந்திறங்கிய பல கார்களில் அந்த எச்சரிக்கை இன்னமும் யப்பானிய எழுத்தில்தான் திரையில் மின்னுகிறது (விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை). எந்த நாட்டுச் சாரதிக்கும் விளங்கும் குறியீடும் ஒலியும் வடிவமைப்பின் முதல் நாளிலேயே தீர்மானிக்கப்பட வேண்டியவை.