எல்லா 'ஸ்கி'யும் ஜமீன் இல்லை

போலந்து ஆடிய ஒரு மேட்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பையன் கேட்டான்: "ஏம்பா, இவங்க பேரெல்லாம் 'ஸ்கி'னே முடியுது?" சொல்ல ஆரம்பித்தேன். மேட்ச் முடிந்தது, நான் முடிக்கவில்லை.

'ஸ்கி' என்பது ஒரு விகுதி. தர்னூவ் என்ற ஊரை ஆண்ட குடும்பம் தர்னோவ்ஸ்கி. நாம் 'மதுரைக்காரர்' என்கிறோமே, அந்த மாதிரிதான். என்ன, அங்கே ஊரே அவருக்குச் சொந்தம்! 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் இப்படிப் பெயரை நிலைப்படுத்திக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பவுசு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. நகரத்து வியாபாரியும் குடியானவரும்கூட 'ஸ்கி'யை ஒட்டிக்கொண்டார்கள். 'கொவால்' என்றால் கொல்லர்; அவர் வீட்டுப் பிள்ளை கொவால்ஸ்கி ஆனார். இன்று போலந்தில் 'யான் கொவால்ஸ்கி' என்றால் நம் குப்பன் சுப்பன்தான்.

அதனால் 'ஸ்கி'யைக் காட்டி "எங்க கொள்ளுத்தாத்தா பெரிய பிரபு" என்று யாராவது ஆரம்பித்தால் நான் நம்புவதாக இல்லை. பத்திரம் இருந்தால் எடுத்துவரட்டும்.

பெண்களுக்கு இது 'ஸ்கா'. மேரி கியூரியின் அப்பா ஸ்க்லோடோவ்ஸ்கி, மகள் ஸ்க்லோடோவ்ஸ்கா. ரமணரைத் தேடித் திருவண்ணாமலைக்கு வந்த, நாம் உமாதேவி என்று அறிந்த வாண்டா தினோவ்ஸ்காவும் அப்படித்தான். இது பரவாயில்லை. 'ஸ்கி' இல்லாத பெயர்களில் பழைய வழக்கம் இன்னும் மோசம்: நோவாக்கின் மனைவி நோவாக்கோவா, மகள் நோவாக்குவ்னா. பெயரைச் சொன்னாலே கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆணுக்கு அந்தத் தொல்லை கிடையாது. இப்போது அது அருகிவிட்டது, நல்லவேளை.

எனக்குப் பிடித்தவை அலங்காரம் இல்லாத பெயர்கள்தான். கால்பந்து வீரர் பியோன்டெக்கின் பெயருக்கு வெள்ளிக்கிழமை என்று அர்த்தம். 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பெனால்டி தடுத்து லிவர்பூலுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கோல்கீப்பர் டூடெக், நம் கொண்டலாத்திப் பறவை. லேக் வலேசாவின் பெயரோ 'வெட்டியாய்ச் சுற்றித் திரிவது' என்ற சொல்லோடு உறவு கொண்டது. கப்பல் கட்டும் தளத்து எலக்ட்ரீஷியனாக இருந்து 1990 தேர்தலில் அதிபரானவருக்கு இந்தப் பெயர்! யாரோ எந்தக் காலத்திலோ கிண்டலாகக் கூப்பிட்டது, அப்படியே ஆவணத்தில் ஏறிவிட்டிருக்கும்.

சரி, போலந்தில் அதிகம் பேருக்கு உள்ள குடும்பப்பெயர் எது? 'ஸ்கி'யில் முடிவதே இல்லை. மேலே சொன்ன அதே நோவாக்தான், ஏறத்தாழ 2 லட்சம் பேர். அர்த்தம், 'புதுசா வந்தவன்'. வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவனை ஊர்க்காரர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். அவன் மகன் அங்கேயே பிறந்தான், பேரனும் அங்கேயே பிறந்தான், பத்துத் தலைமுறை போனது. இன்னமும் அவர்கள் 'புதுசா வந்தவங்க'தான்.